கான்வாய் மைலேஜ்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. லம்பா லைனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த அம்மாவை, ஃபெரார்கஞ்சைத் தாண்டிய ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள்.

2. அம்மா கார் சாவியைக் கேட்டார்.

3. அப்பா கொடுக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரில் அம்மாவின் வலது கால் கனம், அவர் ஓட்டினால் மைலேஜ் விழும் என்றார்.

4. அம்மா பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தார். முழங்கால் வீங்கியது. கார், ஜங்லிகாட்டில் அப்பாவின் கடை வாசலில் நாள் முழுக்க வெயில் காய்ந்தது.

5. எங்கள் தீவில் பவர் பெட்ரோல் தீர்ந்தது. கப்பல் வரவில்லை.

6. அப்பா தாமாகவே ஸ்டியரிங்கை அம்மாவிடம் கொடுத்தார்.

7. கொடுத்தது தப்பு என்று அவருக்கு உறைத்தபோது வண்டி காட்டின் நடுவில் இருந்தது. அங்கே நிறுத்தவும் முடியாது, இடம் மாறி உட்காரவும் முடியாது.

ஏழு வரிகளில் முடிந்துவிடுகிற விஷயம். விட்டுப்போனது எங்கள் வீட்டில் பெட்ரோலைப் பற்றி நடந்த பேச்சு மட்டும். அதை வரிசை எண் போட்டு அடக்க முடியாது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் அதைச் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைத்ததில்லை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தேன். டீசல் ஜெனரேட்டர்கள் ஓடும் மின்நிலையத்தில் வேலை. என் ஷிஃப்டில் எத்தனை லிட்டர் டீசல் உள்ளே போனது, எவ்வளவு மின்சாரம் வெளியே வந்தது என்று பார்த்து, இரண்டும் பொருந்தாவிட்டால் ஏன் என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு. எரிபொருளுக்கும் அது செய்கிற வேலைக்கும் உள்ள உறவைச் சொல்வதற்காகவே எனக்கு மாதச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் இது ஒரு படிப்பாகவே எண்ணப்படவில்லை.

“ஏட்டி, அது டீசல்,” என்பார் அப்பா. “இது பெட்ரோல். இதுக்கு அனுபவம் வேணும்.”

அப்பாவின் அனுபவம் ஜங்லிகாட்டில் கிடைத்தது. அங்கே மீன்பிடி வலை, கயிறு, மிதவை விற்கிற கடை வைத்திருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. மற்றவர்கள் கடலுக்குப் போனார்கள்; அப்பா கடலுக்குப் போகிறவர்களிடம் விற்க ஆரம்பித்தார். காலையில் கடைக்கு வருகிற படகுக்காரர்கள் வலையைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள், அது அவர்களுக்கே தெரியும். என்ஜினைப் பற்றிப் பேசுவார்கள். அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். மாலையில் அதே பேச்சு எங்கள் சாப்பாட்டு மேசைக்கு அவருடைய சொந்தக் கருத்தாக வந்து சேரும். படகு என்ஜின்களும் டீசல்தான் என்று நான் ஒருமுறை சொன்னேன். அன்றைக்கு எனக்கு மீன் தலை வைக்கவில்லை.

எங்களுடையது மூன்று சிலிண்டர் கொண்ட சின்னக் கார். அதன் கையேடு டேஷ்போர்டுப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறது, மேலே ஒரு ஜெபமாலையைச் சுற்றி. அந்த உறையை ஒருமுறை பிரித்து, படித்து, மீண்டும் மூடி வைத்தவள் நான். தொண்ணூற்றொன்று ஆக்டேன் உள்ள பெட்ரோல் போதும் என்று அதில் இருக்கிறது. பம்பில் கிடைக்கிற சாதாரண பெட்ரோலே அதுதான். தொண்ணூற்றைந்து ஆக்டேன் உள்ள உயர்ந்த ரகத்துக்குப் பம்பில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் ஊரில் எல்லோருக்கும் அது பவர். விலை கூடுதல், சில பம்புகளில் மட்டும் கிடைக்கும், அதுவும் கப்பல் கொண்டுவந்தால்.

பம்பில் நிற்கிற வங்காளி அண்ணன் எல்லோரிடமும் கேட்பதைத்தான் அப்பாவிடமும் கேட்பார்: “அங்கிள், சாதா யா பவர்?”

இந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது என் கணிப்பு. சாதா என்கிற சொல் தமிழிலும் ஹிந்தியிலும் ஒரே பொருள் தருவது அப்பாவின் துரதிர்ஷ்டம், தப்பிக்க வழியில்லை. பத்துப் பேர் கேட்க, உரத்த குரலில், நீ சாதாவா என்று ஒருவர் கேட்கிறார். ஹோட்டலில்கூட அப்பா சாதா தோசை கேட்கமாட்டார். அதையே “ப்ளெயின்” என்று கேட்டுச் சாப்பிடுவார்.

“பவர். ஃபுல்,” என்பார் அப்பா, பக்கத்து வண்டிக்காரர் பக்கம் லேசாகத் திரும்பியபடி.

நான் விளக்கிப் பார்த்திருக்கிறேன். பிஸ்டன் அழுத்தும்போது பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல், பொறி வரும்வரை பொறுத்திருக்கிறதே, அந்தப் பொறுமையின் அளவுதான் ஆக்டேன். அதிகமாக அழுத்துகிற என்ஜினுக்கு அதிகப் பொறுமை தேவை. நம்முடைய என்ஜின் அவ்வளவு அழுத்துவதில்லை. ஆகவே கூடுதல் விலை கொடுத்து நாம் வாங்குவது பலத்தை அல்ல, நமக்குத் தேவைப்படாத பொறுமையை. இவ்வளவையும் சோறு ஆறுவதற்குள் சொல்லி முடித்தேன்.

அப்பா குழம்பை ஊற்றிக்கொண்டார். “தொண்ணூத்தொண்ணு பெருசா, தொண்ணூத்தஞ்சு பெருசா?”

“அது மார்க் இல்லப்பா.”

“நம்பர்னா மார்க்தான். ஒன் கூடப் படிச்சவ தொண்ணூத்தஞ்சு வாங்கினா, நீ தொண்ணூத்தொண்ணு வாங்கினா, வேலை யாருக்குட்டி குடுப்பான்?”

“வேலைக்கு எவ்வளவு வேணும்னு பாத்துக் குடுப்பான்.”

“அப்படிச் சொல்லித்தான் தொண்ணூத்தொண்ணு வாங்கினவங்க மனச தேத்திக்கிறது,” என்று முடித்தார்.

அவருடைய இரண்டாவது வாதம், பவர் பெட்ரோல் மெயின்லேண்டிலிருந்து நேராக வருகிறது என்பது. இந்தத் தீவில் மெயின்லேண்டிலிருந்து வருகிற எதற்கும் தனி மரியாதை உண்டு. வெங்காயம், மருத்துவர், மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் இந்த விதி பொருந்தும். சாதா பெட்ரோல் மட்டும் கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் ஊறுகிறதா என்று நான் கேட்டேன். அப்பா ஊறுகாய் கேட்டார்.

மூன்றாவது வாதம்தான் பலமானது, ஏனென்றால் அதில் ஒரு எண் இருந்தது. மாதம் ஒருமுறை அப்பா வலை ஆர்டர் எடுக்க, காட்டுக்கு அப்பால் இருக்கிற ரங்கத் போவார். பவர் நிரப்பிக்கொண்டுதான் போவார். திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அறிவிப்பு வரும்: “இருவத்திரெண்டு.” லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று டேஷ்போர்டில் ஆவரேஜ் காட்டியிருக்கிறது. அந்தத் திரையைப் படம் எடுத்துப் பங்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். ஜெப விண்ணப்பங்களுக்கும் மரண அறிவிப்புகளுக்கும் நடுவே மாதாமாதம் எங்கள் காரின் மைலேஜ் போய்க்கொண்டிருந்தது. சிலர் கைகூப்பினார்கள்.

அம்மா காரை ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அதுவும் அப்பாவுக்குப் பூசைக்குப் பிறகு பங்குப் பேரவைக் கூட்டம் இருக்கிற ஞாயிறுகளில். வீட்டிலிருந்து மேடேறிக் கோயில், கோயிலிலிருந்து இறங்கி மீன் மார்க்கெட், மார்க்கெட்டில் இடம் தேடி இரண்டு சுற்று, பிறகு வீடு. என்ஜின் சூடாவதற்குள் அணைந்துவிடும். அந்த ஓட்டத்துக்கு அப்பா சாதா பெட்ரோல்தான் போடச் சொல்லியிருந்தார். மார்க்கெட்டுக்கு எதற்குப் பவர். ஆவரேஜ் பன்னிரண்டு, பதிமூன்று காட்டும்.

“பாத்தியா,” என்பார் அப்பா, யாரும் கேட்காமலே. “நான் ஓட்டினா இருவத்திரெண்டு. ஒங்கம்மா ஓட்டினா குடிக்குது. கால் கனம்.”

கால் கனம் என்பது இப்படித்தான் எங்கள் வீட்டில் ஒரு நோயாக உறுதிசெய்யப்பட்டது. அம்மா டிரைவிங் லைசென்ஸ் தேர்வில் முதல் தடவையே தேறியவர். அப்பா இரண்டாவது தடவை. இதை அம்மா ஒருபோதும் சொன்னதில்லை. ஆக்டேன் பற்றி நான் சொன்ன பொறுமையை எங்கள் வீட்டில் யாரிடமாவது அளக்க வேண்டுமானால் அம்மாவிடம்தான் அளக்க வேண்டும்.

இடமாற்ற உத்தரவு வந்த அன்று மாலை அம்மா அதை மேசைமேல் வைத்தார். “பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோ, அங்கருந்து பஸ்ஸு, எறங்கி மேட்டுல நடக்கணும். வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன். நீங்க உங்க பழைய ஸ்கூட்டர்ல கடைக்குப் போங்க. இந்தா இருக்கு ஜங்லிகாட்.”

அப்பா உத்தரவைப் படித்தார். பிறகு மிகவும் வருத்தத்தோடு, மருத்துவர் மாதிரி, “மைலேஜ் விழுந்துரும்,” என்றார்.

“விழட்டும்.”

“அப்படிச் சொல்லக் கூடாது. என்ஜின் பழகிரும். குடிச்சுப் பழகின வண்டி பெறகு நான் ஓட்டினாலும் குடிக்கும்.”

எந்திரங்களைப் பற்றி நான் கேள்விப்பட்ட கருத்துகளில் இதற்கு ஒரு தனி இடம் கொடுத்திருக்கிறேன்.

அம்மா பஸ்ஸில் போனார். காலையில் ஆட்டோ, பிறகு பஸ். உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் கைக்குழந்தையோடு யாராவது ஏறுவார்கள், அம்மா எழுந்துவிடுவார். மாலையில் வீட்டுப் படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினார். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்து, இப்படியே நின்றுகொண்டு போனால் சிரமம், முடிந்தால் வேலையிலிருந்து விலகி ஓய்வெடுங்கள் என்றார்கள். அம்மா வேலையை விட விரும்பவில்லை. ஓய்வு பெறும்வரை பாடம் நடத்த வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அதற்குக் குறுக்கே நின்றது பஸ் அல்ல, கடை வாசலில் சும்மா நின்ற எங்கள் கார். வலைக் கட்டுகளுக்கு அது நிழல் கொடுத்தது.

நான் என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னேன். என் ஷிஃப்ட் மாறி மாறி வரும், பாதி நாள்தான் முடிந்தது. மீதி நாள் பஸ்.

“கனம் கால்லதான்னு சொன்னீங்க,” என்று ஒருநாள் அம்மா சொன்னார், எண்ணெய் தேய்த்தபடி. “இப்ப பாத்தா உண்மையாவே கனமாத்தான் இருக்கு. வீங்கிருக்குல்லா.”

அப்பா செய்தித் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

இந்த நிலையில்தான் ரங்கத்தில் இருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா, புது வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியாரிடம் தேதி வாங்கினார். சாமியார் கொடுத்த தேதியை மாற்ற முடியாது. தம்பி வராமல் மந்திரிக்கவும் முடியாது. முந்தின நாள் நாங்கள் பெட்ரோல் போடப் போனோம். பெட்ரோல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது முக்கியம், பிறகு வரும்.

“பவர் நஹி ஹை, அங்கிள்,” என்றார் வங்காளி அண்ணன். “ஜஹாஜ் நஹி ஆயா.”

கப்பல் வரவில்லை. வேறு இரண்டு பம்புகளிலும் பவர் இல்லை. அப்பா காருக்குள் உட்கார்ந்து, முன்னால் வெறித்துப் பார்த்தார். அவருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. சாதா பெட்ரோலில் ரங்கத் போனால் ஆவரேஜ் விழும். விழுந்த எண்ணைக் குழுவில் போட வேண்டும், அல்லது போடாமல் இருக்க வேண்டும்; இரண்டையும் குழு கவனிக்கும்.

“சாதாதான் போடணும்,” என்றேன். “ஆவரேஜ் பதினஞ்சு காட்டினா என்ன இப்போ?”

“எனக்கு பதினஞ்சா?” என்றார் அப்பா. பிறகு ஒரு தீர்வு கண்டவரின் முகத்தோடு பின்னால் திரும்பினார். அம்மா பின் இருக்கையில் மந்திரிப்புக்கு வாங்கிய மெழுகுவர்த்திகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். “நாளைக்கு நீ ஓட்டு.”

“நானா? ரங்கத்துக்கா?”

“சாதா பெட்ரோலுக்கு நீ ஓட்டினாப் போதும். என் பேர்ல அந்த ரீடிங் வேண்டாம்.”

அம்மா மெழுகுவர்த்திகளைக் கீழே வைத்தார். “சரி,” என்றார். நான் உடனே இறங்கிச் சாதா போடச் சொன்னேன். தாமதித்தால் அப்பாவின் மனம் மாறிவிடக்கூடும்.

ஜிர்காடங் என்பது காட்டுக்குள் நுழைவதற்கு முன் உள்ள செக்போஸ்ட். அதற்கு அப்பால் காடு, அங்கே வாழ்கிற பழங்குடியினரின் நிலம். இஷ்டத்துக்குப் போக முடியாது. குறித்த நேரத்துக்கு எல்லா வண்டிகளும் சேர்ந்து வரிசையாகக் கான்வாயில் போக வேண்டும். முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, நாற்பதுக்கு மேல் போகக் கூடாது. கேட் திறக்கும்வரை வண்டிகளை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். பக்கத்தில் டீயும் வடையும் கிடைக்கும்.

மறுநாள் அங்கே நின்றபோதுதான் அப்பாவின் முறையை முதல்முறையாக நேரில் பார்த்தேன். டீ குடித்துவிட்டு வந்தவர், பழக்கதோஷத்தில் கையை நீட்டி டேஷ்போர்டில் இருந்த பொத்தானை அழுத்தப் போனார். ஆவரேஜைப் பூஜ்யமாக்குகிற பொத்தான் அது.

“எப்பவும் இங்கதான் ஜீரோ பண்ணுவீங்களா?”

“பெறகு? வீட்டுலருந்தா பண்ணுவாங்க? அதெல்லாம் ட்ராஃபிக். வண்டியோட ஒரிஜினல் மைலேஜ் காட்டுலதான் தெரியும்.”

மாதாமாதம் குழுவில் கைகூப்பப்பட்ட அந்த இருபத்திரண்டு எங்கிருந்து வருகிறது என்று அந்த இடத்தில், அந்த வடைக் கடைக்கு எதிரில், எனக்கு முழுதாகப் புரிந்துவிட்டது. ஊரின் மேடும் நெரிசலும் சிக்னலும் கணக்கில் இல்லை. கணக்கு தொடங்குவது, முந்த முடியாத, நிறுத்த முடியாத, ஒரே சீரான வேகத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் போகவேண்டிய சாலையில். ஒரு என்ஜினிடம் குறைந்த பெட்ரோலில் வேலை வாங்க எந்தப் பொறியாளரும் இதைவிட நல்ல ஏற்பாடு செய்ய முடியாது. அரசாங்கம் வேறொரு காரணத்துக்காக அதைச் செய்து வைத்திருக்கிறது. பாராட்டைப் பவர் பெட்ரோல் வாங்கிக்கொண்டது, பாதியை அப்பாவின் கால்.

“அம்மா, நீங்களே ஜீரோ பண்ணுங்க,” என்றேன். அம்மா அழுத்தினார்.

செக்போஸ்ட் காவலர் குனிந்து பார்த்தார். எங்கள் காரை அவருக்குத் தெரியும், ஓட்டுகிற இடத்தில் அம்மாவைத் தெரியாது. “ஆஜ் மேடம் சலாயேங்கி?” இன்றைக்கு மேடமா ஓட்டப்போகிறார் என்று கேள்வி.

அப்பா எட்டிப் பார்த்து விளக்கம் கொடுத்தார்: “ஹான். ஆஜ் பெட்ரோல் சாதா ஹை.”

காவலர் கொஞ்சம் யோசித்தார். பெட்ரோலுக்கும் மேடம் ஓட்டுவதற்கும் உள்ள தொடர்பு அவருக்குப் பிடிபடவில்லை. போகச் சொல்லிக் கையை அசைத்தார்.

அம்மா அந்தச் சாலையில் ஓட்டியதை நான் பின் இருக்கையிலிருந்து பார்த்தேன். முன்னால் ஒரு சிமென்ட் லாரி, பின்னால் சுற்றுலாக்காரர்களின் வேன். இரண்டு பக்கமும் மரங்கள் சாலைக்கு மேல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அம்மா அதிகம் எதுவும் செய்யவில்லை. லாரியிலிருந்து நல்ல இடைவெளி விட்டார், அது வேகம் குறைத்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார், அது போனால் மெதுவாக வைத்தார். பிரேக்கைத் தொட்டதே குறைவு. ஆனால் எங்கள் காரில் பிரேக் தொடர்ந்து பிடிக்கப்பட்டது. இடது பக்க இருக்கையில் அப்பா, வெறும் தரையை, வலது காலால்.

“கியர் மாத்து. மாத்து. இப்ப மாத்தாதே. லாரிய விட்டு இவ்வளவு தள்ளியா போவாங்க? தேக்கோ, பின்னாடி வேன்காரன் என்ன நினைப்பான்.”

“மேட்டுல ஏறப் போறேன். பேசாம வாங்க.”

“நான் பேசலியே.”

பாதிக் காட்டில் அவருடைய பார்வை திரைக்குப் போனது. இருபத்தொன்று. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெல்லத் திரும்பினார். இருபத்திரண்டு. நான் மரங்களைப் பார்த்தேன்.

“வண்டிய கொஞ்சம் ஓரமா நிறுத்தேன்,” என்றார் அப்பா.

“இங்கயா?” என்றார் அம்மா. “கான்வாய்லா?”

“அப்ப, தாண்டினதும் நான் எடுக்கேன்.”

“எதுக்கு? இன்னும் சாதாதானே டேங்க்ல இருக்கு.”

அம்மாவின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த வாக்கியத்தை அவர் எத்தனை மாதமாகப் பஸ்ஸில் நின்றுகொண்டு தயார்செய்திருப்பார் என்று யோசித்தேன். அநேகமாகத் தயார்செய்திருக்கமாட்டார். அவர் அப்படித்தான்.

மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறையில் காரைப் படகில் ஏற்ற வரிசையில் நின்றபோது திரை இருபத்துமூன்றைக் காட்டியது. ஜிர்காடங்கில் அழுத்திய அதே பொத்தான், அதே சாலை, அதே கார். சாதா பெட்ரோல், கனமான கால். என் வேலையில் இதற்கு மேல் ஒரு நல்ல சோதனை கேட்கமாட்டார்கள். அப்பா கீழே இறங்கி டயர்களைச் சுற்றிப் பார்த்தார். யாரோ காற்று அடைத்துவைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்பட்ட மாதிரி.

ரங்கத்தில் வண்டியிலிருந்து அம்மா இறங்கியதைப் பார்த்து அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். “என்ன பிள்ள, நீயா ஓட்டிட்டு வந்தே?”

“ஆமா மைனி. இருவத்துமூணு குடுத்துச்சு.”

அத்தையும் அந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். ரங்கத்துக்குக் குடிபோன பிறகும் அதிலிருந்து விலகவில்லை. எண்களின் அர்த்தம் அவருக்குத் தெரியும். தம்பியை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப இத்தனை நாளும் கனம் யாரு காலுலடே இருந்துச்சு?”

அப்பா உள்ளே போய் மந்திரிக்கிற தண்ணீர் வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குப் படம் குழுவுக்குப் போகவில்லை.

வீடு திரும்பும் வழியில் புதிய விளக்கம் தயாராகிவிட்டது. “அடியில பழைய பவர் கெடந்திருக்கும்,” என்றார். “அதுதான் இழுத்திருக்கு.”

“டேங்க் விளக்கு எரிஞ்ச பிறகுதான் போட்டோம்,” என்றேன்.

“எரிஞ்சாலும் அடியில தங்கும்லா. பவர் கனமானது.”

“அன்னைக்கு லேசானதுன்னு சொன்னீங்க. அதான் சீக்கிரம் எரியுதுன்னு.”

“எரியும்போது லேசு. இருக்கும்போது கனம்.”

கால் கனமாக இருந்தது போய் பெட்ரோல் கனமாகிவிட்டது. பெட்ரோல் ரகங்கள் தேங்காயெண்ணெயும் தண்ணீரும் மாதிரிப் பிரிந்து நிற்காது, கலந்துவிடும் என்று விளக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன். வாதத்தில் தோற்காமல் இருப்பதற்குத் தேவையான எல்லாத் தகுதியும் அவரிடம் இருந்தது, முக்கியமாகக் கேட்காமல் இருக்கும் தகுதி. மின்நிலையத்தில் எங்கள் ஜெனரேட்டர்கள் இவ்வளவு பிடிவாதமாக இருந்தால் தீவு முழுக்க இருட்டாகிவிடும்.

அதனால் வேறு வழியில் போனேன். “சரிப்பா,” என்றேன். “கப்பல் வந்ததும் பவர் ஃபுல்லா போடுங்க. அம்மா ஸ்கூல் ரோட்டுல நீங்களே ஓட்டிக் காட்டுங்க. நம்ம வீட்டு வாசல்ல ஜீரோ. ஸ்கூல் வாசல்ல பாப்போம். உங்க கால்ல எவ்வளவு வருதுன்னு தெரிஞ்சுரும்.”

“இருவதுக்குக் கொறையாது,” என்றார் உடனே. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கன்னம் மட்டும் லேசாக அசைந்தது.

கப்பல் வந்தது. பவர் வந்தது. அப்பா அம்மாவைப் பள்ளிக்குக் கொண்டுபோய்விடத் தொடங்கினார், எண்ணை நிரூபிப்பதற்காக. முதல் நாள் பதினைந்து. விமான நிலையச் சாலையில் ட்ராஃபிக் என்றார். இரண்டாம் நாள் அதைவிடக் கொஞ்சம் குறைவு. சாலையில் ஜல்லி கொட்டியிருந்தார்கள் என்றார். அடுத்த நாள் மழை. அதற்கடுத்த நாள் ஒரு மாடு. ஒவ்வொரு நாளும் காரணத்தில் முன்னேற்றம் இருந்தது, எண்ணில் இல்லை. பள்ளி வாசலில் அம்மா இறங்குவதற்கு முன் திரையைப் பார்த்து, “போயிட்டு வாரேன்,” என்று மட்டும் சொல்வாராம். வேறு எதையும் சொல்லவில்லையே என்று அப்பா என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

அவரைத் தோற்கடித்தது எண் அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நான் அப்படி நினைத்துச் சந்தோஷப்பட்டது கொஞ்ச நாள்தான். படகுக்காரர்கள் ஜங்லிகாட்டுக்கு அதிகாலையிலேயே வருவார்கள். அப்பா அந்த நேரத்தில் ஃபெரார்கஞ்ச் சாலையில் ஒரு மாட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கடைக் கதவு சாத்தியிருந்தது. இரண்டு கடை தள்ளிப் புதிதாக இன்னொரு வலைக் கடை திறந்திருந்தார்கள். அது திறந்தே இருந்தது. அப்பாவிடம் வழக்கமாக என்ஜின் பேச்சுப் பேசுகிற ஒரு படகுக்காரர் மதியம் வந்து சொன்னாராம்: “என்ன அண்ணாச்சி, ஸ்கூல் வேன் ஓட்டப் போயிட்டீங்களாமே. நாங்க பக்கத்துக் கடையிலயே பாத்துக்கிட்டோம்.”

அன்று மாலை அப்பா சாவியை மேசைமேல் வைத்தார். இடமாற்ற உத்தரவை அம்மா வைத்த அதே இடம்.

“நீயே எடுத்துட்டுப் போ,” என்றார். “ரங்கத்துக்குப் போனப்ப பக்கத்துலருந்து சொல்லிக் குடுத்தேன்ல. ஒன் கால் இப்ப பழகிருச்சு.”

அம்மா சாவியை எடுத்துக்கொண்டார். “ஆமா,” என்றார். “நல்லா சொல்லிக் குடுத்தீங்க.”

எனக்கு அந்த “ஆமா” பிடிக்கவில்லை. சோதனை செய்தவள் நான், முடிவு தெளிவாக இருக்கிறது, அதை அவர் இப்படி இலவசமாகக் கொடுத்துவிடக் கூடாது என்று சமையலறையில் போய்ச் சொன்னேன். அம்மா மீனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“சாவி எங்க இருக்கு?” என்று கேட்டார்.

“உங்ககிட்ட.”

“பெறகு என்ன.”

இப்போதைய நிலவரம்: வார நாட்களில் காரை அம்மா ஓட்டுகிறார். சாதா பெட்ரோல் போடுகிறார். ஆவரேஜ் பதினாறு, சில நாள் பதினேழு. முழங்கால் வீக்கம் வற்றியிருக்கிறது, வலி முழுக்கப் போகவில்லை. வேலையை விடுகிற பேச்சு இல்லை. அப்பா ஸ்கூட்டரில் கடைக்குப் போய், படகுக்காரர்கள் வருவதற்கு முன் கதவைத் திறந்துவிடுகிறார். ஸ்கூட்டருக்குப் பவர் போடுகிறார். மனைவிக்கு வண்டி ஓட்டப் பழக்கிய விதத்தைப் பற்றிக் குழுவில் நீண்ட குரல் பதிவு ஒன்றும் போட்டார், அதற்கும் சிலர் கைகூப்பினார்கள். காரின் கையேடு பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கிறது.